சாப்பிட மறுத்த குட்டியும் சிதம்பரத்து அலமாரியும்

எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனாலும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவள் என்றுதான் என்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். கடலூர் செம்மண்டலத்தில், வெளிநாட்டுப் பாம்புகளை வளர்த்து முட்டையிட வைத்து, குட்டிகளை விற்கும் ஒரு சிறிய பண்ணையில் வேலை பார்த்தேன். முட்டையை விட்டு வெளியே வந்த குட்டியை முதல் இரை எடுக்க வைப்பது என் பொறுப்பு. இரை என்றால் வெள்ளை எலி. வருடக்கணக்காக எலிகளோடு புழங்கியதில் என் நுரையீரலுக்கு அவை ஆகாமல் போய்விட்டன. எலி அறைக்குள் நுழைந்தால் கண் அரிக்கும், தும்மல் வரும், கடைசியில் மூச்சு இழுக்கும்.

"எலி வேணுமா, மூச்சு வேணுமா? ஒண்ணச் சொல்லும்மா" என்றார் மருத்துவர். நான் உடனே பதில் சொல்லாமல் யோசித்ததைப் பார்த்து அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

இப்போது குட்டிகள் அறையில் என் இடத்தில் இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அடிக்கடி எனக்கு ஃபோன் செய்வார்கள். "அக்கா, ஓரத்து டப்பால இருக்கறது இன்னும் வாயத் தொறக்கல, என்னா செய்யறது?" என் காலத்தில் இல்லாத வசதிகள் அவர்களுக்கு இருக்கின்றன. குட்டி இருக்கும் டப்பாவுக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்பதை வீட்டில் இருந்தபடியே ஃபோனில் பார்க்கலாம். கேமராவும் வைத்திருக்கிறார்கள். குட்டி சாப்பிடவில்லை என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. ஏன் சாப்பிடவில்லை என்பதுதான் தெரிவதில்லை. சில சமயம் ஃபோனை டப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போகச் சொல்வேன். காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். குட்டி பாய்ந்து இரையைக் கவ்வும்போது பிளாஸ்டிக்கில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்டால் அன்றைக்கு முழுவதும் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது.

"நீங்க பாத்ததெல்லாம் எழுதிக் குடுங்கக்கா" என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போவார். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பிறகு டவுன் பஸ்ஸில் தினமும் சிதம்பரம் போய் விலங்கியல் படித்தேன். பட்டம் வாங்கிய அன்று அந்தக் கறுப்பு அங்கியை வாடகை நேரம் முடியும்வரை கழற்றவே இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

படிப்பு முடித்ததும் கிடைத்த வேலையைக் கேட்டு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா மட்டும் ஆலையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்: "எம்பொண்ணு படிச்ச படிப்பு சாதாரணப் படிப்பு இல்ல. பாம்பே அதைக் கேட்டுத்தான் சாப்புடும்."

பாம்பு என்றதும் நம் ஊர் நல்ல பாம்பையும் சாரையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். நாங்கள் வளர்த்தவை இங்கேயே பிறந்த வெளிநாட்டு இனங்கள். வனத்துறையில் பதிவு செய்தவை. விஷம் கிடையாது. பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று சோளப் பாம்பு. செம்பு நிறத்தில் மெலிந்து நீண்டிருக்கும். இன்னொன்று, பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்கிற மலைப்பாம்பு. நாங்கள் அதைப் பந்துப் பாம்பு என்போம். முழுதாக வளர்ந்தாலும் ஓர் ஆள் மடியில் அடங்கிவிடும்.

பண்ணையின் உரிமையாளர் பெலிக்ஸ் சார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். தெருவில் அவரைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். டீக்கடையில் நின்றுகொண்டு போகிறவன் வருகிறவனையெல்லாம் "மச்சான்" என்று கூப்பிட்டு, ஒரு கிளாஸ் டீயை ஒரு மணி நேரம் குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அவர் பேசுகிற பேச்சு தெரு முனைக்குக் கேட்கும். அதே ஆள், குட்டிகள் இருக்கும் அறையின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால் ஊமையாகிவிடுவார். பாதத்தின் ஓரத்தை முதலில் வைத்து, பிறகு முழுப் பாதத்தையும் ஊன்றி நடப்பார். பாம்புக்கு நம் காலடி அதிர்வாகத் தெரியும் என்பதால் அப்படி. உள்ளே என்ன வேண்டுமென்றாலும் விரலால்தான் காட்டுவார். டப்பா மூடியை அவர் மூடுவதில் ஓர் அழகு உண்டு. தூங்கும் குழந்தையின் மேல் போர்வையை இழுத்துவிடுவதுபோல, முதலில் ஒரு பக்கம், சற்று நிறுத்தி, பிறகு மறுபக்கம்.

முதல் நாள் மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் என் தலையைப் பார்த்தார்.

"பூவ வெளிய வச்சிட்டு வா கலை."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் சார்?"

"உனக்குத்தான் அது வாசனை. குட்டிக்கு அது சுவரு. சுவத்துக்கு அந்தாண்ட எலி இருந்தா அதுக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து பவுடர், எண்ணெய், வாசனை சோப்பு எல்லாவற்றையும் விட்டேன். வீட்டுக்குப் போனால் தங்கை, "என்னாக்கா, ஒரு வாசனையும் இல்லாம தண்ணி மாதிரி கீற" என்று கேலி செய்வாள்.

வேலையைச் சொல்கிறேன். முட்டையிலிருந்து வெளியே வரும் குட்டியின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். அதைக் கொண்டே அது சில நாள் வாழும். முதல் தோலை உரிக்கும்வரை இரை காட்டவே கூடாது. உரித்த பிறகும் சில குட்டிகள் சாப்பிடாது. அப்போது அவசரப்படுகிறவர்கள்தான் குட்டியைக் கொல்கிறார்கள்.

செத்து உறைந்த எலியை உறைபெட்டியில் இருந்து எடுத்து, ஒரு சிறு பையில் கட்டி, வெந்நீருக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டும். உடம்பைவிடத் தலை கொஞ்சம் கூடுதலாகச் சூடாக இருக்க வேண்டும். பந்துப் பாம்பின் உதட்டோரம் வரிசையாகக் குழிகள் இருக்கும். அந்தக் குழிகளால் அது சூட்டைப் பார்க்கிறது. இருட்டில் அதற்கு எலி ஒரு சூடாகத்தான் தெரியும். நீளமான இடுக்கியால் எலியை வால் பக்கம் பிடித்து, உயிருள்ள எலி நகர்வதுபோலக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்த வேண்டும். பயந்த எலி நகர்ந்துகொண்டே இருக்காது. நின்று பார்க்கும். நாமும் நிற்க வேண்டும்.

குட்டி நாக்கை நீட்டும். வேகமாக நீட்டினால் இன்னும் சந்தேகம். நாக்கு மெதுவாக வெளியே வந்து, காற்றில் ஒரு கணம் அப்படியே நின்றால் அது முடிவு செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு கழுத்து பின்னால் வளைந்து இழுபடும். அந்தக் கணத்தில் நான் மூச்சு விட மாட்டேன். அப்புறம் ஒரு சத்தம். கண்ணால் பார்க்க முடியாது. பார்க்கும்போது எலி குட்டியின் சுருளுக்குள் இருக்கும்.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அடங்காத வியப்பு ஒன்று உண்டு. எலி ஏற்கனவே செத்தது. அப்படியிருந்தும் குட்டி அதை இறுக்கிக் கொல்லும். அது பிறந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். தாயைப் பார்த்ததில்லை. காட்டைப் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் டப்பாவுக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதே அதற்குத் தெரியாது. ஆனால் எவ்வளவு நேரம் இறுக்க வேண்டும், எப்போது விடலாம், எந்தப் பக்கம் தலை என்று நாக்கால் தேடி, மூக்கு முனையிலிருந்து விழுங்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது. நான் கல்லூரியில் தேர்வுக்குப் படித்ததை அடுத்த மாதம் மறந்திருக்கிறேன். இது படிக்காமலே மறக்காமல் இருக்கிறது.

"பிடிவாதம் புடிக்குது சார்" என்று ஒருமுறை ஒரு குட்டியைப் பற்றி எரிச்சலோடு சொன்னேன்.

வெளியே வந்த பிறகுதான் பதில் சொன்னார். "அதுக்கு நீ யாருன்னே தெரியாது. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் வெந்த எலிய நீட்டினா நீ சாப்புடுவியா?"

"பஸ்ல யாரு சார் எலி தராங்க?"

"அதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அந்த எரிச்சலூட்டிய குட்டி ஒரு சோளப் பாம்பு. பென்சிலைவிட மெலிசு. எலிக்குஞ்சைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதன் சொந்த நாட்டில் இந்த இனத்தின் குட்டிகள் சின்னச் சின்னப் பல்லி வகைகளைத் தின்று வளரும் என்றும், பல்லி வாடை காட்டினால் சில குட்டிகள் ஏமாந்து எலியை எடுத்துவிடும் என்றும் படித்திருந்தேன். ஆனால் பல்லியைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல்லி தானாக விட்ட வால் கிடைத்தால் போதும் என்று, போகிற வீட்டிலெல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் வீட்டு டியூப்லைட்டுக்குக் கீழே ஒன்று கிடைத்தது. பூனை துரத்தியிருக்க வேண்டும். காலையில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று காகிதத்தில் சுற்றி என் டிபன் பாக்ஸில் வைத்தேன். அம்மா இட்லி வைப்பதற்காக அதைத் திறந்துவிட்டார்.

"அடியே கலை! என்னாடி இது, வாலு!"

"அது வேலைக்கும்மா."

"இதுக்காடி ஒன்ன படிக்க வச்சம்? பல்லி வாலப் பொறுக்கறதுக்கு?"

அப்பா படுத்த இடத்தில் இருந்தே சிரித்தார். "தெரியாமப் பேசாத. அது படிப்புல வருது."

அம்மா அந்த டிபன் பாக்ஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை. இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

வாலை எலிக்குஞ்சின் மூக்கில் தேய்த்து, குட்டியின் முன்னால் வைத்தேன். வாரக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அது நாக்கை ஒருமுறைதான் நீட்டியது. திரும்பியது. எடுத்தது. அந்தக் குட்டி எந்தப் பல்லியையும் பார்த்ததில்லை. அதன் தாயும் பார்த்திருக்காது. அதற்கு முந்தைய பாம்பும்கூடப் பார்த்திருக்குமா என்று தெரியாது. கடல் தாண்டிய ஏதோ ஒரு வயல்வெளியின் பல்லி வாடையை, காட்டுமன்னார்கோயில் வீட்டுப் பல்லியின் வாலில் அது அடையாளம் கண்டுகொண்டது. பெலிக்ஸ் சார் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அறைக்குள் பேசவே பேசாதவர், "மாதாவே" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

இனி சிதம்பரத்துக் கதைக்கு வருகிறேன். என்னை மிகவும் அலைக்கழித்தது அதுதான்.

எங்கள் பண்ணையில் ஒரு வழக்கம். குட்டி தொடர்ந்து மூன்று முறை தானாக இரை எடுத்த பிறகுதான் விற்போம். அப்படி மூன்று முறை நன்றாகச் சாப்பிட்ட ஒரு பந்துப் பாம்புக் குட்டியைச் சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சிவா என்பவர் வாங்கிப் போனார். அம்மாவும் அவரும் மட்டும்தான் வீட்டில். அம்மா பெயர் ராஜேஸ்வரி. பாம்பு வந்த நாளில், "அது இருந்தா நான் இருக்க மாட்டேன்" என்று சொல்லித் தன் அக்கா வீட்டுக்குப் போனவர், இரண்டாம் நாள் திரும்பி வந்து எட்டிப் பார்த்தாராம். அடுத்த வாரம் அதற்குச் 'சின்னவன்' என்று பெயர் வைத்துவிட்டார்.

சின்னவன் சிதம்பரம் போனதிலிருந்து சாப்பிடவில்லை.

முதலில் நாங்கள் கவலைப்படவில்லை. இடம் மாறினால் கொஞ்ச நாள் அப்படித்தான். வாரங்கள் போயின. சிவா அனுப்பிய படத்தில் குட்டியின் முதுகெலும்பு ஒரு கோடாகத் தெரிய ஆரம்பித்தது. நான் விடுமுறை நாளில் சிதம்பரம் போனேன். வீட்டின் உள்ளறையில் மேஜை மேல் டப்பா. சூடு சரி. ஈரம் சரி. ஒளிந்துகொள்ள மண் ஓடு சரி. எலியைச் சூடேற்றும் விதமும் சரி.

"எப்ப குடுக்கறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க, பொழுது சாயற நேரத்துல" என்றார் சிவா. பந்துப் பாம்பு விழித்து இரை தேடும் நேரம் அது. நாங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்புவோம்.

ராஜேஸ்வரி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் சமையல் புடிக்கலன்னா சொல்லலாம். சமைக்கவே இல்லாத எலி. அது ஏம்மா புடிக்கல?"

இன்னொரு விடுமுறைக்கும் போனேன். அப்போதும் எல்லாம் சரியாகவே இருந்தது.

பெலிக்ஸ் சார் படங்களைப் பார்த்தார். டீக்கடையில்கூட அன்று அதிகம் பேசவில்லை. "அடுத்த ஞாயித்துக்குள்ள எடுக்கலன்னா கொண்டாந்துடச் சொல்லு. குழாய் வச்சி உள்ள எறக்க வேண்டியதுதான்."

குழாய் என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும். குட்டியின் வாயைத் திறந்து, மெல்லிய குழாயை வயிறுவரை இறக்கி, கரைத்த உணவைச் செலுத்துவது. நல்ல நிலையில் இருக்கிற குட்டிக்கே அது பெரிய அதிர்ச்சி. இவ்வளவு மெலிந்ததைப் பேருந்தில் கடலூர்வரை கொண்டுவந்து, பிடித்து, வாயைத் திறந்தால் அது தாங்குமா என்பது சந்தேகம்தான். இதற்கு முன்னால் அப்படி ஒன்று எங்கள் கையிலேயே போயிருக்கிறது.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை கிளம்பினேன். பகலிலேயே போய்ச் சேர்ந்திருப்பேன். சேத்தியாத்தோப்பில் ஒரு வேலை இருந்ததால் சுற்றிக்கொண்டு வந்தேன். வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. அதனால் அந்த வீட்டுக்குள் முதல்முறையாக நான் பொழுது சாயும் நேரத்தில் நுழைந்தேன்.

நான் செருப்பைக் கழற்றும்போதே ராஜேஸ்வரி அம்மா வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார். கூடத்தில் விளக்கு, சமையலறையில் விளக்கு, உள்ளறையில் டியூப்லைட் என்று ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே போனார். சாமி படத்துக்கு விளக்கேற்றினார். சாம்பிராணித் தட்டோடு அறை அறையாக வந்தார். உள்ளறைக்கு வந்ததும் தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் டப்பா மூடியைத் தூக்கினார்.

"அம்மா!"

"என்னாம்மா?"

"புகைய எதுக்கு உள்ள காட்டறீங்க?"

"வீட்டுல இருக்கறவங்க எல்லாருக்கும் காட்டறதுதான? அவன மட்டும் வுட்டுட்டா?" என்றவர், மூடியைப் பாதி மூடிவிட்டுப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "சிவா, எலிய எடுத்தா. சாப்புடு ராஜா. அம்மா பக்கத்துலயே கீறன், சாப்புடு."

நான் அந்த அறை நடுவில் நின்றேன். எங்கள் வீட்டிலும் இதே நேரத்தில் இதையேதான் செய்வோம். இருட்டுவதற்குள் விளக்குப் போடாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. செம்மண்டலத்தில் குட்டிகள் இருந்தது பெலிக்ஸ் சார் வீட்டுக்குப் பின்னால் ஒரு தனி அறையில். அங்கே மாலையில் யாரும் விளக்குப் போடுவதில்லை. அவர் வீட்டு ஜெபமாலையும் இரவு சாப்பாட்டுக்கு முன்னால் முன்கூடத்தில்தான் நடக்கும். அதனால் 'பொழுது சாயற நேரத்துல குடுங்க' என்று நாங்கள் சொன்னால், இப்படிப்பட்ட வீட்டில் அது எந்த நேரமாக இருக்கும் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. சின்னவன் கண் விழித்து மண் ஓட்டை விட்டு வெளியே வரும் நேரம் பார்த்து, தினமும் தலைக்கு மேல் வெளிச்சம் பாய்ந்திருக்கிறது. கூரை திறந்திருக்கிறது. காற்றே புகையாக மாறியிருக்கிறது. நாக்கை நீட்டினால் எலி இல்லை, சாம்பிராணிதான். அப்புறம் பெரிய முகம் ஒன்று அன்போடு குனிந்திருக்கிறது. அது மறுபடி ஓட்டுக்குள் போய்ப் பந்தாகிவிடும். அன்றைய இரவு அவ்வளவுதான்.

இதையெல்லாம் மெதுவாகச் சொன்னேன். சிவா தலையைச் சொறிந்துகொண்டார். ராஜேஸ்வரி அம்மா புகையை மட்டும் உடனே ஒப்புக்கொண்டார். "சரி, அவனுக்கு வேணாம். நான் சாமிகிட்ட சொல்லிக்கறேன்." ஆனால் விளக்கு என்றதும் முகம் மாறிவிட்டது.

"வெளக்கு வக்கிற நேரத்துல ஒரு ரூம இருட்டாப் போடறதாம்மா? இந்த வூட்டுல நான் வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து அப்படிச் செஞ்சதில்ல. சிவா அப்பா போன அன்னிக்கும் எல்லா ரூமுலயும் வெளக்குப் போட்டேன்."

"அம்மா, அது செத்துப்போயிடும்" என்றார் சிவா.

"என்னாடா சொல்ற, அதுக்கா நான் வளக்கறேன்?" பாதி மூடியிருந்த டப்பாவை முழுதாக மூடினார். "கடலூருக்கே எடுத்துக்கிட்டுப் போவட்டும். எங்கனா இருந்துட்டுப் போவுது. உசுரோட இருந்தாப் போதும்."

அது அங்கே உயிரோடு வந்து சேருமா என்பதே எனக்குத் தெரியாது. ராஜேஸ்வரி அம்மா அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பார்வை ஓர் இடத்தில் நின்றது.

"ஏம்மா, அலமாரிக்குள்ள யாரும் வெளக்கு வக்கிறதில்லையே?"

"என்னது?"

"அலமாரிக்குள்ள எப்பவும் இருட்டுதான? அத யாரும் தப்புன்னு சொல்லலையே. ரூமுல வெளக்கு எரியட்டும். அவன் அலமாரிக்குள்ள இருக்கட்டும்."

சொல்லிக்கொண்டே எழுந்து போய்ப் புடவை அலமாரியைத் திறந்தார். கல்யாணப் பட்டுப்புடவையைத் தூக்கிக் கட்டிலில் போட்டார். குபீரென்று அந்துருண்டை வாடை அடித்தது. நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். பாம்புக் குட்டிக்கு அந்த வாடை விஷம்.

"இதுவும் ஆவாதா? நல்ல புள்ள பெத்தேன் போ" என்றவர் தளரவில்லை. கூடத்து மூலையில் பித்தளைப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த மர அலமாரிக்குப் போனார். குடம், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. ஈரத் துணியால் உட்புறத்தைத் துடைத்துக் காயவிட்டோம். சிவா பின்பலகையில் காற்றுப் போவதற்கும் டப்பாவுக்கு அடியில் விரிக்கும் சூட்டு விரிப்பின் ஒயர் போவதற்கும் துளைகள் போட்டார். பிறகு டப்பாவை உள்ளே வைத்தோம். நான் பெலிக்ஸ் சாருக்கு ஃபோன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் டீக்கடை இரைச்சல் கேட்டது. பிறகு அவர் நடந்து தள்ளிப் போனதால் இரைச்சல் குறைந்தது.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறுத்துக்கறேன்" என்றார். "கலை, அந்தம்மா கெட்டிக்காரங்க."

சனிக்கிழமை முழுவதும் யாரும் அலமாரியைத் தொடவில்லை. குட்டி புது இடத்தில் அடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை நான் மறுபடி போனேன். வெளியே வெளிச்சம் மங்கும்போது எலியைச் சூடேற்றி, தலையை மறுபடி ஒருமுறை வெந்நீரில் காட்டி, ஓட்டின் வாசலுக்கு எதிரே வைத்தேன். அவ்வளவு மெலிந்த குட்டிக்கு முன்னால் இடுக்கியை ஆட்டுவதுகூட அதிகம் என்று தோன்றியது. பெலிக்ஸ் சார் மூடுவதுபோல ஒரு பக்கம் மூடி, நிறுத்தி, மறுபக்கம் மூடினேன். அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

ராஜேஸ்வரி அம்மா வழக்கம்போல வாசல் கதவைத் திறந்தார். எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது. சாம்பிராணி மட்டும் வாசலோடு நின்றது. மூன்று பேரும் கூடத்தின் மறுகோடியில் தரையில் உட்கார்ந்தோம். டி.வி. இல்லை, பேச்சு இல்லை. ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து, "என்னா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். சிவா கையால் போகச் சொன்னார்.

நான் எத்தனையோ குட்டிகள் சாப்பிட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. உள்ளே இருக்கும் அந்தச் சின்ன உயிருக்கு இப்போது என்ன தெரியும் என்று நினைத்துப் பார்த்தேன். இருட்டு தெரியும். இருட்டுக்குள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சூடு தெரியும். ஒரு வீட்டையே பாத்திரம் பண்டத்தோடு இடம் மாற்றியிருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதற்குச் செய்ய முடிந்த உதவி, அங்கே இல்லாமல் இருப்பதுதான்.

டப்.

முதலில் கேட்டவர் ராஜேஸ்வரி அம்மாதான். தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். அலமாரியை நோக்கி ஓர் அடி வைத்தார். நான் எதுவும் சொல்வதற்குள் தானே நின்றுவிட்டார். நின்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு திரும்பி வந்து, அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் கண் மறைத்தது. அப்போது எலி ஒவ்வாமை எனக்கு ஆரம்பித்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நான் மட்டும் போய்ப் பார்த்தேன். எலி இல்லை. ஓட்டுக்குள் ஒரு பந்து. அதன் நடுவில் ஒரு வீக்கம்.

"உள்ள போயிடுச்சாம்மா?" என்றார் ராஜேஸ்வரி அம்மா கிசுகிசுப்பாக.

"போயிடுச்சி."

"முழுசா?"

"முழுசா."

பெலிக்ஸ் சாருக்குச் செய்தி சொன்னேன். "சரி" என்று ஒரே சொல் சொன்னார். டீக்கடையில் நின்றுகொண்டு அவர் ஒரே சொல்லில் பேசியது எனக்குத் தெரிந்து அப்போதுதான்.

ராஜேஸ்வரி அம்மா தோசை ஊற்றினார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடிவாதம். நான் முன்பு இரண்டு முறை அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, இலையையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, போதும் என்று சொல்லும்போதெல்லாம் இன்னொன்று வைப்பார். அன்றைக்கு எனக்கும் சிவாவுக்கும் இலை போட்டு, தோசையை அடுக்கி, சட்னியையும் தண்ணீரையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். பிறகு எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார்.

"எங்கம்மா போற?" என்றார் சிவா.

உள்ளே இருந்து குரல் வந்தது. "நீங்க நிம்மதியா சாப்புடுங்க. நான் பாக்கல."